விறகு ஸ்டவ் போடப் போறீங்களா? முதல்ல தரையை அளங்க (கனடாவுல வடக்கு ஒன்டாரியோ, அதாவது சட்பரி, நார்த் பே, டிமின்ஸ் பக்கம் வர்றவங்களுக்கு)

கேள்வி: அண்ணா, டொரோண்டோலேருந்து சட்பரி பக்கம் வந்து வீடு வாங்கிட்டோம், உள்ள எலக்ட்ரிக் பேஸ்போர்டு ஹீட்டர் மட்டும்தான், ஹைட்ரோ பில்லை (கரண்ட் பில்) நெனச்சாலே பயமா இருக்கு, கரண்ட் போனா வேற வழியும் இல்ல. அதான் விறகு ஸ்டவ் ஒண்ணு போடலாம்னு. லிவிங் ரூம் 14க்கு 16 அடி, ஹார்ட்வுட் தரை, சின்னப் பசங்க ரெண்டு பேர். கடைல கண்ணாடி ஹார்த் பேடு (ஸ்டவ்வுக்கு அடியில தரையைக் காப்பாத்தப் போடுற பலகை) ஒண்ணு ஆஃபர்ல இருக்கு, சூப்பரா இருக்கு, வாங்கிடலாமா? ரூம்ல எங்க வெச்சா நல்லது?

பதில்: தம்பி, பேடை இப்ப வாங்காதீங்க. எந்த ஸ்டவ்னு முடிவு பண்ணி, அதோட மேனுவலை டவுன்லோட் பண்ணிப் படிச்சிட்டு அப்புறமா பேடு. எல்லாரும் தலைகீழா பண்றாங்க, முதல்ல பேடு, அப்புறம் ஸ்டவ், கடைசியில சோபாவை எங்க தள்றதுன்னு முழிக்கிறது.

நம்ம ஊர் வீட்ல தரை சிமென்ட்டு இல்லன்னா மொசைக், சுவர் செங்கல், அடுப்புலேருந்து ஒரு கங்கு தெறிச்சு விழுந்தா யாரும் கண்டுக்க மாட்டோம். இங்க தரைக்கு அடியில பிளைவுட், அதுக்கும் அடியில மரச்சட்டம், சுவத்துக்குள்ளயும் மரச்சட்டம், அது மேல அடிச்சிருக்கிற டிரைவாலோட (ஜிப்சம் பலகை) ரெண்டு பக்கமும் பேப்பர். மரம் வருஷக்கணக்கா சூடு பட்டுக்கிட்டே இருந்தா உள்ளயே மெல்ல கருகி, புது மரம் பத்துற சூட்டை விட ரொம்பக் கம்மியான சூட்லயே பத்திக்கும். அதனால "நாங்க இத்தனை வருஷமா இப்படித்தான் எரிக்கிறோம், ஒண்ணும் ஆகல"ன்னு யாராவது சொன்னா அதை நம்பி எதுவும் பண்ணாதீங்க, ஆகறதா இருந்தா இத்தனை வருஷம் கழிச்சுதான் ஆகும்.

பேடுல ரெண்டு விஷயம் இருக்கு. ஒண்ணு, கதவைத் திறக்கும்போது விழுற கங்குலேருந்து தரையைக் காப்பாத்துறது, இதுக்கு எரியாத எந்தப் பொருளா இருந்தாலும் சரி, இடைவெளி இல்லாம ஒரே பரப்பா இருக்கணும், கண்ணாடி, ஷீட் மெட்டல், கிரௌட் (இடுக்கை அடைக்கிற சிமென்ட் பூச்சு) போட்ட டைல்ஸ் எல்லாம் ஓகே. (டைல்ஸை ஒட்டாம சும்மா அடுக்கி வெச்சா ஆகாது, இடுக்குல கங்கு போயிடும்.) இன்னொண்ணு, ஸ்டவ்வோட அடிப்பக்கச் சூடே தரைக்கு இறங்காமத் தடுக்கிறது. சில மாடல் அடியில ஜில்லுனு இருக்கும், அதுக்குக் கங்கு காப்பு மட்டும் போதும்னு மேனுவல்லயே போட்டிருப்பான், அப்ப அந்தக் கண்ணாடி பேடு தாராளமா வாங்கலாம். சில மாடல் இவ்வளவு ஆர் வேல்யூ (சூடு இறங்காமத் தடுக்கிற அளவு, ஜாஸ்தியா இருந்தா நல்லா தடுக்கும்) வேணும்னு கேக்கும், அங்கதான் ஏமாந்துடுவாங்க, ஏன்னா கண்ணாடிக்கும் டைல்ஸுக்கும் ஆர் வேல்யூ கிட்டத்தட்ட பூஜ்யம். சாதா செங்கல்லே ஒரு இஞ்சுக்கு 0.2தான், ஆர் 1.5 வேணும்னா ஏழெட்டு இஞ்சு செங்கல் அடுக்கணும், யார் வீட்ல நடக்கிற காரியம் அது. அதுக்குன்னு விக்கிற மினரல் ஃபைபர் போர்டு அரை இஞ்சுக்கே ஆர் 1 பக்கம் வந்துடும், அதை அடியில போட்டு, மேல சிமென்ட் போர்டு, அதுக்கு மேல டைல்ஸ், எல்லா லேயரோட ஆர் வேல்யூவையும் கூட்டிக்கலாம். சில மேனுவல்ல ஆர் இருக்காது, கே ஃபேக்டரும் (பொருள் எவ்வளவு சூட்டைக் கடத்தும்ங்கிற அளவு) கனமும் கொடுத்திருப்பான், கனத்தை இஞ்சுல வெச்சு கேயால வகுத்தா ஆர் வந்துடும். 1 இஞ்சு, கே 0.84ன்னு இருந்தா ஆர் 1.19.

சைஸு கனடாவுல பொதுவா இப்படி: விறகு போடுற கதவு இருக்கிற பக்கம் 18 இஞ்சு, மத்த பக்கமெல்லாம் 8 இஞ்சு ஸ்டவ்வைத் தாண்டி நீட்டிக்கிட்டு இருக்கணும். யூடியூப்ல அமெரிக்காக்காரங்க முன்பக்கம் 16 இஞ்சுன்னு சொல்வாங்க, அது அவங்க கணக்கு. ஸ்டவ் 24 அகலம், 26 ஆழம்னு வெச்சுக்கங்க, பேடு 40க்கு 52 இஞ்சு வந்துடும். பக்கவாட்டுலயும் கதவு உள்ள மாடல்னா அந்தப் பக்கமும் 18. மேனுவல் இதைவிட ஜாஸ்தி கேட்டா மேனுவல் சொல்றதுதான். கார்ப்பெட் உள்ள ரூம்னா அது மேலயே பேடைத் தூக்கிப் போடாதீங்க, மெத்து மெத்துனு அமுங்கி கிரௌட் விட்டுடும், அந்த இடத்துல கார்ப்பெட்டை வெட்டி எடுத்துடுங்க.

இப்ப சுவர். இடத்தை நெஜமா தின்றது இதுதான், பேடு இல்ல. சர்டிஃபை ஆன ஸ்டவ்னா பின்னாடி ஒட்டியிருக்கிற லேபிள்லயே பின்சுவருக்கு இவ்வளவு, பக்கச்சுவருக்கு இவ்வளவு, மூலையில வெச்சா இவ்வளவுன்னு இருக்கும், சில மாடல் கொஞ்சம் இஞ்சுலயே முடிஞ்சிடும். லேபிளே இல்லாத பழைய ஸ்டவ்னா சுத்தி 48 இஞ்சு, நாலு அடி! உங்க 14 அடி ரூம்ல நாலு அடியை விட்டுட்டு வெச்சா ஸ்டவ் நடு வீட்ல நிக்கும். அதனால விலையைப் பாக்குறப்ப கிளியரன்ஸையும் (சுவத்துக்கு விட வேண்டிய இந்த இடைவெளி) சேத்துப் பாருங்க, 300 டாலர் கம்மின்னு வாங்கி ரூமோட கால்வாசியை இழக்கிறதுக்கு, கிளியரன்ஸ் கம்மியான மாடலுக்கு அந்தக் காசைக் கொடுத்துடலாம்னுதான் நான் சொல்வேன். ஸ்டவ்வுலேருந்து சிம்னிக்குப் போற புகை பைப்புக்கும் தனிக் கணக்கு இருக்கு, சிங்கிள் வால் பைப்னா மரத்துலேருந்து 18 இஞ்சு, டபுள் வால்னா பெரும்பாலும் 6 இஞ்சுல முடியும். ஸ்டவ்வுக்குக் கம்மி கிளியரன்ஸ் வாங்கிட்டு பைப்புல மிச்சம் பிடிச்சா பைப்பே ஸ்டவ்வை முன்னாடி இழுத்துடும்.

அப்புறம் ஒண்ணு, சுவத்துல கல்லு ஒட்டிட்டா கிட்ட வெச்சுக்கலாம்னு ஒரு நம்பிக்கை எல்லார்கிட்டயும் இருக்கு. தப்பு. கல்லு சூட்டை வாங்கி நேரா பின்னாடி மரச்சட்டத்துக்குக் கொடுத்துடும். உதவுறது காத்துதான்: ஷீட் மெட்டலோ சிமென்ட் போர்டோ சுவத்துலேருந்து ஒரு இஞ்சு தள்ளி, எரியாத ஸ்பேசர் வெச்சு, கீழயும் மேலயும் திறந்து விடணும், கீழ ஜில்லுனு காத்து நுழைஞ்சு மேல சூடா வெளிய போயிடும். ஒழுங்கா செஞ்ச ஷீல்டு பக்கவாட்டுக் கிளியரன்ஸை மூணுல ரெண்டு பங்கு வரைக்கும் குறைக்கும், ஆனா சர்டிஃபை ஆன ஸ்டவ்வுக்கு ஷீல்டு போட்டுக் குறைக்கலாமான்னு மேனுவலைக் கேட்டுக்கங்க, சிலது ஒத்துக்காது.

எங்க வைக்கிறதுன்னா, வெளிச்சுவர் ஓரம் வேணாம், வீட்டுக்கு நடுவாப்ல, சிம்னி வீட்டுக்குள்ளயே நேரா மேல ஏறுற மாதிரி. வெளிய நிக்கிற சிம்னி மைனஸ் 30ல உறைஞ்சு கிடக்கும், பத்த வெச்சதும் புகை மேல போகாம வீட்டுக்குள்ள திரும்பும். பேஸ்மென்ட்ல வெச்சா சூடு தானா மேல வரும்னு சொல்வாங்க, பேஸ்மென்ட் சுவர்தான் நிறையச் சூட்டைக் குடிச்சிடும். உங்க ரூமுக்கு, வெளிச்சுவர் இல்லாத மூலைல குறுக்கா வெச்சா நடக்கிற வழி மிச்சமாகும்னு தோணுது. பெட்ரூமுக்குச் சூடு போகணும்னா சூட்டை அங்க தள்ளாதீங்க, காரிடார்ல தரையில ஒரு சின்ன ஃபேன் வெச்சு ஜில் காத்தை ஸ்டவ் பக்கம் தள்ளுங்க, மேல வழியா சூடு தானா அங்க போயிடும். சோபா, கர்ட்டன், விறகுக் கூடை, துணி காயப்போடுற ஸ்டாண்டு எல்லாம் நாலு அடி தள்ளி. வின்டர்ல ஈரத்துணியை ஸ்டவ் முன்னாடி போட கை துறுதுறுங்கும், வீட்ல எல்லார்கிட்டயும் சொல்லி வைங்க. பசங்களுக்கு சுவத்துல ஸ்க்ரூ பண்ற கேட் வாங்குங்க, சும்மா நிக்க வைக்கிற ஸ்கிரீன் அவங்க கைக்கு ரெண்டு நாள் தாங்காது.

நம்ம வீட்டுக்குன்னே ஒரு மேட்டர், இதை இங்க கடைக்காரன் சொல்ல மாட்டான். தாளிக்கிறப்ப ரேஞ்ச் ஹூட்டை (சமையல் அடுப்பு மேல புகையை இழுக்கிற ஃபேன்) ஃபுல்லா போடுவோம்ல, புது வீடெல்லாம் டைட்டா அடைச்சிருக்கிறதால அது இழுக்கிற காத்துக்கு வேற வழி இல்லாம சிம்னி வழியா உள்ள வர ஆரம்பிக்கும், அதாவது புகையும் கார்பன் மோனாக்சைடும் வீட்டுக்குள்ள. கிச்சனும் லிவிங் ரூமும் ஒண்ணா திறந்து கிடந்தா இன்னும் மோசம். வெளிக்காத்து நேரா ஸ்டவ்வுக்கு வர்ற கிட் இருக்கு, மாடல் ஒத்துக்கிச்சுன்னா போடுங்க, இல்லன்னா ஹூட் ஓடும்போது பக்கத்து ஜன்னலைக் கொஞ்சம் திறங்க, விறகு போடக் கதவைத் திறக்கிறப்ப ஹூட்டை நிறுத்திடுங்க. பெட்ரூம் பக்கத்துல சிஓ (கார்பன் மோனாக்சைடு) அலாரம் கட்டாயம்.

பேப்பர் வேலை: முனிசிபாலிட்டில பில்டிங் பர்மிட், அப்புறம் வாங்குறதுக்கு முன்னாடியே இன்ஷூரன்ஸுக்கு ஒரு போன். பெரும்பாலும் வெட் (WETT, விறகு ஸ்டவ்வைச் சோதிக்கப் பயிற்சி வாங்கினவங்களுக்கானது) சர்டிஃபிகேட் உள்ள ஆள் பாத்த ரிப்போர்ட்டைக் கேப்பாங்க.

கேள்வி: ரொம்ப தேங்க்ஸ் அண்ணா. பழைய ஸ்டவ் ஒண்ணு 200 டாலருக்கு வருது, பின்னாடி லேபிள் உரிஞ்சு போயிருக்கு, ஆனா நல்ல கம்பெனின்னு சொல்றாங்க. அப்புறம் நாங்க கீழ உக்காந்துதான் சாப்பிடுவோம், அது பிரச்சனையா?

பதில்: லேபிள் இல்லன்னா எந்தக் கம்பெனியா இருந்தாலும் நாலு அடிக் கணக்குதான், நிறைய இன்ஷூரன்ஸ் ஒத்துக்கவும் மாட்டாங்க, விட்டுடுங்க. கீழ உக்காரலாம், பாயைக் கதவுலேருந்து நாலு அடி தள்ளிப் போடுங்க, தரை மட்டத்துலதான் கங்கு விழும், புடவை வேட்டி எல்லாம் பரப்பிக்கிட்டு உக்காருவோம் பாருங்க. இந்த வாரம் மாஸ்கிங் டேப் வாங்கி 40க்கு 52 இஞ்சு கட்டம் ஒண்ணு ஒட்டுங்க, கிளியரன்ஸுக்கு இன்னொரு கட்டம், அப்படியே ஒரு வாரம் அதைச் சுத்தி நடந்து பாருங்க. எங்க இடிக்குதுன்னு தெரிஞ்சதும் மாடல் பேரைப் போடுங்க, மேனுவலைச் சேந்து பாப்போம்.