‘சில்ட்ரன் ஆஃப் மென்’ முடிவில் இருப்பது நம்பிக்கையா, ஒப்பனையா?

மழைக்காகம்:
அல்ஃபோன்சோ குவாரோனின் ‘சில்ட்ரன் ஆஃப் மென்’ (2006) படத்தை நேற்று மறுபடியும் பார்த்தேன். கதை 2027ஆம் ஆண்டு பிரிட்டனில் நடக்கிறது. பதினெட்டு ஆண்டுகளாக உலகில் எங்குமே பிள்ளை பிறக்கவில்லை. கீ என்ற அகதிப் பெண் கருவுற்றிருக்கிறாள். தியோ என்ற குடிகார அரசு ஊழியன் அவளைக் கடல்வரை கொண்டுபோய்ச் சேர்க்கிறான். நம்பிக்கை தரும் படம் என்று ஊரே கொண்டாடுகிறது. எனக்கு ஒப்பவில்லை. பெக்ஸ்ஹில் அகதி முகாம் குண்டுவீச்சில் எரிகிறது, தியோ படகிலேயே சாகிறான், உடனே பனிமூட்டத்திலிருந்து ஒரு கப்பல் வருகிறது. அதன் பெயர் ‘டுமாரோ’! மாவு புளிக்கவில்லை என்றதும் சோடா உப்பைக் கொட்டிய கதைதான் இது.

கரைவேலன்:
கப்பலை விடுங்கள். முகாமில் சண்டை நடக்கும் கட்டடத்திலிருந்து இருவரும் குழந்தையோடு இறங்கி வருகிறார்களே, அந்தக் காட்சி? அழுகைச் சத்தம் கேட்டதும் துப்பாக்கிகள் ஓய்கின்றன. சிப்பாய்கள் விலகி வழிவிடுகிறார்கள். சிலர் மண்டியிட்டுச் சிலுவைக் குறி இடுகிறார்கள். வசனம் எழுதியிருந்தால் பாழாகியிருக்கும்.

மழைக்காகம்:
அதற்கு அடுத்த நொடியையும் சொல்லுங்கள். ஒரு குண்டு வெடிக்கிறது, அதே சிப்பாய்கள் திரும்பிச் சுடத் தொடங்குகிறார்கள். இதைத்தான் நீங்கள் மனிதநேயம் என்கிறீர்களா?

கரைவேலன்:
ஆம், அதைத்தான். போர் நின்றுவிட்டது என்று காட்டியிருந்தால் நானும் எழுந்து போயிருப்பேன்.

நூல்கண்டு:
இருவரும் ஆண்களையே பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள். என் குறை வேறு. உலகத்தையே வயிற்றில் சுமக்கும் பெண்ணை ஆளாளுக்கு மூட்டைபோலத் தூக்கிக்கொண்டு ஓடுகிறார்கள். படத்துக்கு மூலமான பி. டி. ஜேம்ஸின் நாவலில் (1992) கருவுறுபவள் ஜூலியன். கதையின் கருவே அவள்தான். படத்தில் அந்தப் பெயருடையவள் வழியிலேயே சுடப்பட்டுச் சாகிறாள். கீக்கு என்ன வேண்டும் என்று யார் கேட்டார்கள்?

கரைவேலன்:
பாதி ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கீ வாயில்லாப் பூச்சி அல்ல. தகப்பன் யார் என்று தியோ கேட்டதும், தான் கன்னி என்று சொல்லி அவனை ஒரு கணம் திகைக்கவைத்துவிட்டுச் சிரிக்கிறாளே!

நூல்கண்டு:
அது நல்ல காட்சிதான். ஆனாலும் என் ஓட்டு மரிச்காவுக்கு. முகாமில் அவளுக்கும் இவர்களுக்கும் பொதுவாக ஒரு மொழிகூடக் கிடையாது. அறை தருகிறாள், படகு காட்டுகிறாள், தான் ஏறாமல் நின்றுவிடுகிறாள். படத்தைப் புகழும் கட்டுரைகளில் அவள் பெயரைத் தேடித்தான் பார்க்க வேண்டும்.

மழைக்காகம்:
மரிச்கா விஷயத்தில் எனக்கு மறுப்பில்லை. இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், நீங்கள் யாரும் சொல்லாததால். பிரசவம் பார்க்கும் முன் தியோ தன் மதுவை ஊற்றிக் கை கழுவுகிறான். படம் முழுக்கக் குடிக்கவே பயன்பட்ட சரக்கு! கடைசியில் படகில் குழந்தை வீறிடும்போது, குண்டடிபட்டு உட்கார்ந்திருப்பவன், முதுகைத் தட்டிக்கொடு என்று கீக்குச் சொல்லித்தருகிறான். தன் மகனைக் காய்ச்சலுக்குப் பறிகொடுத்தவன். அழுகை அடங்குகிறது. அங்கேயே திரையை இருட்டாக்கியிருந்தால் நான் இந்த இழையையே தொடங்கியிருக்க மாட்டேன்.

கரைவேலன்:
இதைத்தானே ஐயா நான் முதலிலிருந்து சொல்கிறேன்!

மழைக்காகம்:
இல்லை, நீங்கள் சிப்பாய்களைச் சொன்னீர்கள். கப்பலை நான் இன்னும் மன்னிக்கவில்லை.