கலைச்சொல் தேவை: பணிப்பாய்வில் ஊழியருக்கு வரும் "ப்ராம்ப்ட்"

ந. எழுதியது:

குழுவினருக்கு வணக்கம்.

ஒரு பணிப்பாய்வு மென்பொருளின் இடைமுகத்தைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறோம். வெள்ளிக்கிழமை கோப்பை ஒப்படைக்க வேண்டும். மற்றவை ஓரளவு முடிந்துவிட்டன. ஒரு சொல்தான் வழியை மறித்து நிற்கிறது.

மென்பொருள் செய்வது இதுதான். ஏதோ ஒன்று நடக்கிறது: புதிய ஊழியர் சேர்கிறார், செலவுக் கோரிக்கை ஒன்று பதிவாகிறது, அல்லது திங்கட்கிழமை காலை ஒன்பது மணியாகிறது. உடனே பணிப்பாய்வு ஓடத் தொடங்குகிறது. அலுவலக உரையாடல் செயலியில் இருக்கும் உதவியாளர், உரிய ஊழியருக்கு ஒரு செய்தி அனுப்புகிறது: "இந்தச் செலவுக்கு ஒப்புதல் தருகிறீர்களா?" கீழே இரண்டு பொத்தான்கள். அவர் ஒன்றை அழுத்தும்வரை பாய்வு அங்கேயே நிற்கும். அழுத்தாவிட்டால் சில மணிநேரம் கழித்து இன்னொரு செய்தி. அதற்கும் பதில் இல்லையென்றால் விஷயம் மேலாளரிடம் போய்விடும்.

இந்த நான்கு கட்டத்துக்கும் ஆங்கிலத்தில் நான்கு சொல்: ட்ரிக்கர், ப்ராம்ப்ட், ரிமைண்டர், எஸ்கலேஷன். ரிமைண்டருக்கு நினைவூட்டல் இருக்கிறது. எஸ்கலேஷனுக்கு "மேலனுப்பல்" என்று போட்டிருக்கிறேன். முதல் இரண்டில்தான் முட்டுகிறது. முன்பு வேலை பார்த்தவர்கள் ட்ரிக்கருக்குத் "தூண்டல்" என்று போட்டிருக்கிறார்கள். செயற்கை நுண்ணறிவு பற்றி எழுதுகிறவர்களில் பலர் ப்ராம்ப்டுக்கும் அதையே ஆள்கிறார்கள். ஒரே திரையில் இப்படி ஒரு வரி வந்து நிற்கிறது: "தூண்டல் நிகழ்ந்ததும் ஊழியருக்குத் தூண்டல் அனுப்பு." இதைப் படித்து யாரும் எதையும் அமைக்க முடியாது.

பொத்தானில் அடங்க வேண்டும். பெயராகவும் வினையாகவும் ஆள வர வேண்டும். யோசனை சொல்லுங்கள்.

மு. எழுதியது:

வணக்கம் அம்மா.

தூண்டலைக் கைவிடாதீர்கள். ப்ராம்ப்டுக்கு அதை வைத்துக்கொண்டு, ட்ரிக்கரைத் "தொடக்கி" ஆக்கிவிடுங்கள், தீர்ந்தது.

தூண்டுதல் என்றால் விளக்கின் திரியை முன்னே தள்ளிச் சுடரை எழுப்புவது. புதிதாக நெருப்பு வைப்பது அல்ல, எரிகிற விளக்கு மங்காமல் பார்த்துக்கொள்வது. "தூண்டு சுடரனைய சோதி கண்டாய்" என்று அப்பர் பாடியது அந்தச் சுடரைத்தான். ஊழியருக்கு வேலை தெரியும், செய்யும் எண்ணமும் உண்டு. நேரம் பார்த்து ஒருவர் திரியைத் தள்ளிவிட வேண்டும், அவ்வளவே. இதைவிடப் பொருந்தும் சொல் வேறு மொழியிலும் கிடைக்காது.

துள் என்ற அடியே துண், தூண் என வளர்ந்து தூண்டு ஆகியிருக்க வேண்டும் என்பது என் நெடுநாள் கருத்து. துள்ளு, துளிர், துடி எல்லாம் அதே குடும்பம்: உள்ளிருந்து எழும் அசைவு. தூண்டில், தூண்டாவிளக்கு, தூண் இவற்றையும் அடுத்த மடலில் விரிக்கிறேன்.

க. எழுதியது:

ஐயா, தூணுக்குப் போகும் முன் ஒரு நிமிடம். "மொழிப்பொருட் காரணம் விழிப்பத் தோன்றா" என்று தொல்காப்பியரே சொல்லிவிட்டார். வேர் எதுவானாலும் இன்றைக்கு அந்தச் சொல் எங்கே புழங்குகிறது என்று பார்க்க வேண்டும்.

செய்தித்தாளைத் திறங்கள். வன்முறையைத் தூண்டியதாக வழக்கு, கலவரத்தைத் தூண்டும் பேச்சு, தற்கொலைக்குத் தூண்டியவர் கைது. ஓர் ஊழியரின் திரையில் "உங்களுக்கு ஒரு தூண்டல் வந்துள்ளது" என்று வந்தால் அவர் மனத்தில் அப்பர் வர மாட்டார், குற்றப்பத்திரிகைதான் வரும்.

ந. அம்மா சொன்ன குழப்பம் ஆங்கிலத்திலேயே இருந்தது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மனிதர் ஒரு செயலைச் செய்ய விருப்பம், இயலும் நிலை, சரியான நேரத்தில் ஒரு சமிக்ஞை மூன்றும் ஒன்றுகூட வேண்டும் என்று பி.ஜே. ஃபாக் என்ற நடத்தை ஆய்வாளர் ஒரு மாதிரி வகுத்தார். 2009இல் அந்த மூன்றாவதை ட்ரிக்கர் என்றுதான் சொன்னார். பிறகு ப்ராம்ப்ட் என்று மாற்றிக்கொண்டார். ஆக இரண்டையும் பிரிப்பது வெறும் மொழிபெயர்ப்புச் சிக்கல் அல்ல. ஒன்று பொறியை இயக்குவது, மற்றது மனிதரிடம் வந்து நிற்பது.

இன்னொன்று. செயற்கை நுண்ணறிவில் மனிதர் பொறிக்கு ப்ராம்ப்ட் கொடுக்கிறார். இங்கே பொறி மனிதருக்குக் கொடுக்கிறது. திசையே எதிர். இரண்டுக்கும் ஒரே தமிழ்ச்சொல் போட நாம் ஏன் கட்டுப்பட வேண்டும்?

த. எழுதியது:

க. சொல்வதை வழிமொழிகிறேன். அப்படியே ஒரு வேண்டுகோள்: கோப்பின் தலைப்பில் "தானியங்கு பணிப்பாய்வு" என்று பார்த்தேன். இலங்கையில் நாங்கள் தன்னியக்கம் என்போம். தான் என்பது வேற்றுமை ஏற்கையில் தன் எனக் குறுகும்: தன்னை, தனக்கு, தன்னியக்கம். அதுதானே முறை?

அப்புறம், சாட் என்பதற்கு அரட்டை என்று போடாமல் உரையாடல் என்று போட்டதற்கு நன்றி. சம்பள விவரம் பேசும் இடத்தை அரட்டை என்று சொல்ல மனம் வராது.

இல. எழுதியது:

த. அவர்களுக்கு: தன்னியக்கம் என்றால் தனது இயக்கம். தானியங்கு என்பதில் தான் எழுவாய், இயங்கு அதன் வினை, ஆகவே குறுக வேண்டியதில்லை. இரண்டும் வழு இல்லை. ஆனால் இயங்கு தன்வினை, இயக்கு பிறவினை. பணிப்பாய்வை யாரோ ஒருவர் அமைத்து இயக்கிவைக்கிறார் என்பதால் "தானியக்கம்" என்பதே எனக்குப் பிடித்தது. இதை வேறு இழையில் பேசுவோம், இல்லையென்றால் ந. அம்மாவின் வெள்ளிக்கிழமை போய்விடும்.

கேட்ட சொல்லுக்கு வருகிறேன். நன்னூல் வினாவை ஆறாகப் பிரிக்கிறது: அறிவு, அறியாமை, ஐயம், கொளல், கொடை, ஏவல். கடைசியைக் கவனியுங்கள். ஏவல் வினா என்பது விடை அறிய விரும்பிக் கேட்பது அல்ல, கேட்கப்பட்டவரைச் செயலில் இறக்கக் கேட்பது. "வார அறிக்கை அனுப்பிவிட்டீர்களா?" என்று உதவியாளர் கேட்கிறதே, அனுப்பவில்லை என்பது அதற்குத் தெரியும். கோப்புறை காலியாக இருப்பதைப் பார்த்துவிட்டுத்தான் கேட்கிறது. இது அச்சு அசல் ஏவல் வினா. நம் இலக்கணம் பெயரிட்டு வைத்திருக்கும்போது எதற்குத் தேட வேண்டும்? "ஏவுவினா" என்று சுருக்கிக்கொள்ளலாம்.

விடை வகைகளையும் பார்க்கலாம். நன்னூல் எட்டு சொல்கிறது. சுட்டு, மறை, நேர் மூன்றும் வெளிப்படை. மீதி ஐந்தும் குறிப்பால் விடையாவன. உங்கள் திரையில் இரண்டு பொத்தான்கள்தான் இருக்கின்றன, அதாவது நேரும் (ஆம்) மறையும் (இல்லை). ஆனால் மனிதர் அப்படியா பதில் சொல்கிறார்? "ஆடுவாயா?" என்றால் "கால் வலித்தது" என்பது உற்றதுரைத்தல், அதாவது தனக்கு நேர்ந்ததையே விடையாகச் சொல்வது. "அறிக்கை அனுப்பிவிட்டீர்களா?" என்றால் "கணக்குப் பிரிவிலிருந்து எண்களே வரவில்லை" என்பதும் அதே இனம். அவர் மறுக்கவில்லை, தாமதத்துக்கான காரணத்தையே விடையாகத் தருகிறார். பொத்தானுக்கு அது புரியாது. பதிலே வரவில்லை என்று கணக்கிட்டு நினைவூட்டல் அனுப்பும், பிறகு மேலாளரிடம் போகும். உண்மையைச் சொன்ன ஊழியர் பதில் தராதவராகிவிடுவார். சொல் எதுவானாலும், மூன்றாவதாக "வேறு பதில்" என்று ஒரு பொத்தான் வேண்டும் என்று மென்பொருள் செய்தவர்களிடம் சொல்லுங்கள்.

மு. எழுதியது:

இல. ஐயா, ஏவல் வினா அருமை. ஆனால் "ஏவல்" என்ற சொல்லின் கூடவே குற்றேவலும் வரும், பில்லி சூனியமும் வரும். தூண்டலுக்குக் குற்றப்பத்திரிகை என்றால் இதற்கு மந்திரவாதி.

தூண்டல் வேண்டாம் என்று சபை முடிவு செய்தால் என் அடுத்த யோசனை "அடியெடுப்பு". நாடகத்தில் வரியை மறந்து நிற்கும் நடிகருக்குத் திரை மறைவிலிருந்து ஒருவர் எடுத்துக்கொடுப்பாரே, அவரைத்தான் ஆங்கிலத்தில் ப்ராம்ப்டர் என்கிறார்கள். நம்மிடம் அடியெடுத்துக் கொடுத்தல் என்ற மரபே இருக்கிறது. சேக்கிழாருக்கு "உலகெலாம்" என்று இறைவன் அடியெடுத்துக் கொடுத்ததாக வரலாறு. கந்தபுராணம் பாடிய கச்சியப்பருக்குக் கிடைத்தது "திகடசக்கரம்". திகழ், தச என்ற இரண்டும் புணர்ந்து திகடச என்றாவதற்கு விதி எங்கே என்று அவையில் மடக்க, அது வீரசோழியம் என்ற இலக்கண நூலிலிருந்து எடுத்துக் காட்டப்பட்டது என்பார்கள். முதல் அடி மட்டும் வெளியிலிருந்து வருகிறது, மீதியைப் புலவர்தான் எழுத வேண்டும். உதவியாளர் செய்வதும் அதுதானே?

க. எழுதியது:

ஐயா, இதைப் பொத்தானில் போட்டுப் பாருங்கள்: "அடியெடுப்பை அனுப்பு." முதல் இரண்டு எழுத்தைப் பார்த்ததும் ஊழியர் விலகி நிற்பார். கதை தெரிந்தவருக்குத்தான் அந்தச் சொல் விளங்கும். இடைமுகத்தைப் படிக்கிறவர் கதை கேட்க வரவில்லை, வேலையை முடித்துவிட்டுப் போக வந்தவர்.

ந. எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. தமிழ் இடைமுகத்தைத் தினமும் பயன்படுத்தும் சிலரிடம் மூன்று சொல்லையும் திரையில் வைத்துக் காட்டினேன். விளக்கம் எதுவும் சொல்லவில்லை.

அடியெடுப்பு யாருக்கும் புரியவில்லை. தூண்டல் புரிந்தது, ஆனால் "யார் என்னைத் தூண்டுகிறார்கள்?" என்று ஒருவர் முகம் சுளித்தார். ஏவுவினாவை ஒருவர் ஏவுகணை என்று படித்துவிட்டுத் திரும்பப் படித்தார். இல. ஐயா, உங்கள் இலக்கண நியாயம் எனக்கு முழுச் சம்மதம். ஆனால் எல்லாச் செய்தியும் வினாவாக வருவதில்லை. "உங்கள் வார அறிக்கையை இங்கே எழுதுங்கள்" என்றும் வருகிறது, அது நேர் ஏவல்.

பயனர்களோடு பேசியபோது அவர்கள் வாயில் தானாக வந்த சொல் "கேட்கிறது". "காலையில் அது என்னிடம் கேட்டது, நான் பதில் போட்டேன்" என்றார்கள். அதனால் "கேட்பு" என்று போட நினைக்கிறேன். தகவல் கேட்பு, ஒப்புதல் கேட்பு. கேட்டுவிட்டுக் காத்திருக்கிறது என்ற பொருள் அதில் இருக்கிறது. நான் காக்க விரும்புவது அதைத்தான். இந்த மென்பொருளில் கடைசி முடிவு ஊழியரின் கையில் இருக்கிறது. தூண்டல், ஏவல் இரண்டும் அதை அவரிடமிருந்து எடுத்துப் பொறியிடம் கொடுத்துவிடுகின்றன.

"வேறு பதில்" பொத்தானைப் பற்றி எழுதியிருக்கிறேன். பதில் இன்னும் வரவில்லை.

த. எழுதியது:

கேட்பு எனக்குச் சம்மதம். கேள் என்பதற்குச் செவிகொடு என்றும் பொருள் உண்டே, குரல்வழி உதவியாளர் வரும்போது "கேட்பு நிலையில் உள்ளது" என்றால் கேள்வி கேட்கிறதா, காது கொடுக்கிறதா என்ற ஐயம் வரும். அப்போது பார்த்துக்கொள்வோம். "ஒப்புதல் கேட்பு" என்று முன்னே ஒரு சொல் சேரும்வரை சிக்கலில்லை.

க. எழுதியது:

கேட்பு என்பது "கேட்பு வரைவோலை" (வங்கியின் டிமாண்ட் டிராஃப்ட்) என்பதில் ஏற்கெனவே இருக்கும் சொல். அங்கே அது உரிமையோடு கோருவதைக் குறிக்கிறது, சற்றுக் கடுமைதான். ஆனாலும் மற்ற மூன்றோடு ஒப்பிட்டால் என் வாக்கு இதற்கே.

இல. எழுதியது:

பெரும்பான்மை எப்படியோ அப்படியே செய்யுங்கள் அம்மா. கலைச்சொல் பட்டியலின் விளக்கக் குறிப்பில் மட்டும் "ஏவல் வினாவை ஒத்தது" என்று ஒரு வரி சேர்த்தால் மாணவர்களுக்குப் பயன்படும்.

ந. எழுதியது:

சேர்த்துவிட்டேன் ஐயா. தொடக்கி, கேட்பு, நினைவூட்டல், மேலனுப்பல் என்ற வரிசையில் கோப்பு போகிறது. இப்போது அந்த வரி: "தொடக்கி நிகழ்ந்ததும் ஊழியருக்குக் கேட்பு அனுப்பு."

மு. எழுதியது:

தொடக்கி நிகழாது அம்மா, இயங்கும். அதைத் திருத்திவிடுங்கள். கேட்பை நான் ஏற்கவில்லை என்பதையும் பதிவு செய்கிறேன். கேட்பவர் பதில் வாங்கிக்கொண்டு போய்விடுவார், வேலை நடந்ததா என்பது அவர் கவலை அல்ல. தூண்டுகிறவருக்குத்தான் சுடரில் அக்கறை. தூண், தூண்டில் பற்றிய மடல் தயாராக இருக்கிறது, ஞாயிற்றுக்கிழமை அனுப்புகிறேன்.