நயினாதீவும் நெடுந்தீவும்: பிள்ளைகளுக்கு முதலில் கதையா, கல்வெட்டா?

பூவரசு:
கனடாவில் சனிக்கிழமைத் தமிழ் வகுப்பு எடுக்கிறேன். பத்து, பன்னிரண்டு வயதுப் பிள்ளைகள். முக்கால்வாசிப் பேருடைய அம்மம்மா, அப்பப்பா எல்லாம் புங்குடுதீவு, வேலணை, நயினாதீவு, நெடுந்தீவு ஆட்கள். இந்த முறை யாழ்ப்பாணத் தீவுகளின் வரலாற்றைச் சொல்லிக்கொடுக்க இருக்கிறேன்.

நயினாதீவு நாகபூசணி அம்மன் கதையில் தொடங்குவதாக எண்ணம். கேள்விப்படாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். புளியந்தீவிலிருந்து ஒரு நாகம் பூவை வாயில் கவ்விக்கொண்டு அம்மனுக்கு வைக்கக் கடலில் நீந்தி வருகிறது. கருடன் துரத்துகிறது. நாகம் கடலுக்குள் இருந்த ஒரு கல்லைச் சுற்றிக்கொள்ள, கருடன் இன்னொரு கல்லில் காத்திருக்கிறது. அந்த வழியாகக் கப்பலில் வந்த சோழநாட்டு வணிகன் நாகத்தை விட்டுவிடச் சொல்லிக் கெஞ்சுகிறான். "உன் செல்வம் முழுவதையும் அம்மனுக்குக் கொடுப்பாயா?" என்று கருடன் கேட்கிறது. அவன் கொடுக்கிறான், கோயில் எழுகிறது. பாம்பு சுற்றிய கல், கருடன் கல் என்று இரண்டையும் இன்றைக்கும் காட்டுகிறார்கள்.

பெற்றோர் சிலருக்கு இது பிடிக்கவில்லை. வரலாறு என்று சொல்லிவிட்டுப் புராணம் படிப்பிக்கிறீர்களா என்று கேட்கிறார்கள். எனக்கோ, அந்தக் கடலையே காணாத பிள்ளைக்கு ஊரைக் கண்ணில் காட்டக் கதையை விட்டால் வேறு வழி இல்லை என்று படுகிறது. மற்றவர்கள் என்ன சொல்கிறீர்கள்?

ஆதாரன்:
ரீச்சர், அந்தப் பெற்றோர் பக்கம்தான் நான். கதை சொல்லக்கூடாது என்று சொல்லவில்லை. வரலாற்று வகுப்பை அதில் தொடங்காதீர்கள் என்கிறேன்.

அதே நாகபூசணி அம்மன் கோயிலில் ஒரு கல்வெட்டு இருக்கிறது. 12ஆம் நூற்றாண்டில் பொலன்னறுவையில் இருந்து ஆண்ட முதலாம் பராக்கிரமபாகுவின் ஆணை. சிங்கள அரசனின் ஆணை, ஆனால் தமிழில் வெட்டியிருக்கிறது. பேராசிரியர் கா. இந்திரபாலா 1963இல் அதைப் படித்து வெளியிட்டார். வேலணைத் தீவின் துறைமுகமான ஊர்காவற்றுறைக்கு வரும் பிறநாட்டு வணிகர்களுக்குப் பாதுகாப்புக் கொடுக்க வேண்டும் என்கிறது அது. அதோடு உடைந்த கப்பலைப் பற்றியும் சட்டம் சொல்கிறது. யானை, குதிரை ஏற்றி வந்த கப்பல் உடைந்தால் நாலில் ஒரு பங்கு அரசனின் பண்டாரத்துக்கு, மூன்று பங்கு உடையவனுக்கு. வேறு சரக்கு ஏற்றிய கப்பல் என்றால் பாதிக்குப் பாதி.

இதை ஒரு பத்து வயதுப் பிள்ளையிடம் கொடுத்துப் பாருங்கள். குதிரைக் கப்பல்காரனுக்கு மட்டும் ஏன் கூடுதல் பங்கு? அரசனுக்குக் குதிரை ஏன் அவ்வளவு வேண்டியிருந்தது? சிங்கள அரசன் ஏன் தமிழில் எழுதுவித்தான்? அந்தத் துறையில் அந்த மொழியை வாசிக்கிற ஆட்கள் இருந்தார்கள் என்பதால்தானே. ஒரே கல்லில் இத்தனை இருக்கும்போது கருடனுக்கு முதல் இடம் எதற்கு?

இன்னொரு காரணம் இதைவிடப் பெரியது. நாகதீபத்தில் ஒரு மணி ஆசனத்துக்காக மகோதரன், சூளோதரன் என்ற நாக அரசர் இருவர், மாமனும் மருமகனும், சண்டைக்கு நின்றதாகவும் புத்தர் வந்து சமாதானம் செய்ததாகவும் இலங்கையின் பாளி வரலாற்று நூலான மகாவம்சம் சொல்கிறது. நயினாதீவில் விகாரை இருப்பது அந்தக் கதையின் பேரில்தான். நம்முடைய கதையை வரலாறு என்று வகுப்பில் சொன்னால், அவர்களுடைய கதையை வரலாறு இல்லை என்று எந்த வாயால் மறுப்பீர்கள்? கல்லையும் ஏட்டையும் வைத்துப் பேசப் பழகிய பிள்ளைக்கு இரண்டையும் ஒரே அளவுகோலால் அளக்கத் தெரியும்.

மணற்கேணி:
நாகப்பட்டினத்தில் இருந்து எழுதுகிறேன். ஆதாரன் ஐயா சொன்ன அந்தச் சண்டைக் கதை மகாவம்சத்தின் சொத்து மட்டும் இல்லையே. மணிமேகலையிலும் இருக்கிறது. நாகநாட்டு அரசர் இருவர் ஒரு பீடிகைக்காகப் போரிடுகிறார்கள், புத்தர் வந்து அமைதி செய்கிறார். மணிபல்லவம் என்ற தீவில் அந்தப் பீடிகையைக் கண்டுதான் மணிமேகலைக்குப் பழம்பிறப்புத் தெரிகிறது. கோமுகிப் பொய்கையில் அமுதசுரபி கிடைப்பதும் அதே மணிபல்லவத்தில்தான். மணிபல்லவம் நயினாதீவுதான். அப்படியிருக்க அந்தக் கதையை ஏன் அடுத்தவர் வீட்டுக் கதை என்று தள்ளி வைக்க வேண்டும்? பிள்ளைகளுக்கு முதலில் இதைச் சொல்லுங்கள். தமிழில் பௌத்தம் பேசிய ஒரு காலம் இருந்தது என்று தெரிந்த பிள்ளை, புத்தர் சிலையைக் கண்டதும் அது தனக்கு அந்நியம் என்று நினைக்காது.

ஆதாரன்:
தமிழ்ப் பௌத்தம் பற்றிச் சொன்னதை முழுமனதோடு ஏற்கிறேன். "மணிபல்லவம் நயினாதீவுதான்" என்ற உறுதியை ஏற்கமாட்டேன். பலர் அப்படிச் சொல்கிறார்கள், வேறு இடம் சொல்பவர்களும் இருக்கிறார்கள். நாகதீபம் விஷயத்தில் கையில் இருக்கும் சான்று 1936இல் வல்லிபுரத்தில் கிடைத்த பொன்னேடு. கி.பி. 2ஆம் நூற்றாண்டளவு என்று கணிக்கிறார்கள். நாகதீவை ஆண்ட அமைச்சன் காலத்தில் ஒரு விகாரை கட்டிய செய்தி அதில் வருகிறது. வல்லிபுரம் எங்கே இருக்கிறது? குடாநாட்டின் வடகிழக்கில், வடமராட்சியில். அப்படிப் பார்த்தால் அந்தக் காலத்தில் நாகதீவு என்றது யாழ்ப்பாணக் குடாநாடு முழுவதையும் என்று ஆகிறது. கதையை மட்டும் பிடித்துக்கொண்டு போனால் ஒரு சின்னத் தீவுக்குள் எல்லாவற்றையும் அடைத்துவிடுவோம்.

செம்பாட்டான்:
நீங்கள் எல்லோரும் அழகான கதைகளை வைத்துப் பேசுகிறீர்கள். நெடுந்தீவுக்கு வரும்போது என்ன செய்வீர்கள், ரீச்சர்? அங்கே பெரிய கதை வெடியரசன் கதை. கண்ணகியின் சிலம்புக்கு நாகமணி எடுத்துவர மீகாமன் கப்பலோடு போகிறான். நெடுந்தீவுக் கடலில் வெடியரசன் மறிக்கிறான். சண்டை. மீகாமன் கரையார் சாதி, வெடியரசன் முக்குவர் சாதி. யார் வென்றது, யார் யாரைக் கட்டி இழுத்தது என்பதெல்லாம் சொல்கிற ஆளைப் பொறுத்து மாறும். ஊரில் இந்தக் கதையை வைத்து ஆளை ஆள் இறக்கிப் பேசியதைக் கேட்டு வளர்ந்தவன் நான்.

வெளிநாட்டில் பிறந்த பிள்ளைக்குச் சாதி என்றால் என்னவென்றே சரியாகத் தெரியாது. இந்தக் கதையைக் கேட்டுவிட்டு வீட்டுக்குப் போய் "அம்மம்மா, நாங்கள் எந்தப் பக்கம்?" என்று கேட்கும். அந்தக் கேள்வியை நாமே கொண்டுபோய்ப் பிள்ளையின் வாயில் வைக்க வேண்டுமா? கல்வெட்டோ கதையோ எதிலும் தொடங்குங்கள், இந்தக் கதை மட்டும் வேண்டாம்.

உப்புக்காற்று:
நெடுந்தீவில் பிறந்து இப்போதும் இங்கேயே இருக்கிற ஒருத்தி எழுதுகிறேன். எங்கள் கதையை வேண்டாம் என்று தள்ளுவதற்கு முன் அந்த இடத்தைக் கொஞ்சம் பாருங்கள்.

குறிகட்டுவானில் போட் ஏறினால் ஒரு மணித்தியாலம். வருகிறவர்கள் குதிரையையும் பெருக்கமரத்தையும் ஒல்லாந்தர் கோட்டையையும் பார்த்துவிட்டுப் பின்னேரப் போட்டில் திரும்பிவிடுவார்கள். வெடியரசன் கோட்டைக்கும் சிலர் வருவார்கள். கோட்டை என்ற பெயரை நம்பி மதில் தேடுவார்கள். அங்கே இருப்பது முருகைக்கல்லால் வட்டமாகக் கட்டிய தூபிகளின் அடிப்பாகம். கல்லைக் கிட்டப்போய்ப் பார்த்தால் கடலுக்குள் இருந்தபோது இருந்த துளையும் வரியும் அப்படியே தெரியும். எங்கள் வீட்டு வேலியும் அதே கல்தான். சாந்து கிடையாது, கல்லின் மேல் கல்லை அடுக்கினபடி நிற்கும்.

தூபி என்றால் பௌத்தம். ஆனால் எங்கள் சனம் அதை வெடியரசன் கோட்டை என்று சொல்லி வந்தது. ஆதாரன் ஐயா, இதைப் பிழை என்று அழித்துவிட்டு மேலே போகலாம். எனக்கு அது போதாது. கும்பிட்ட ஆட்களும் சமயமும் போன பிறகு, அந்தக் கற்களை இது யாரோ பெரிய ஒருவனுடைய இடம் என்று சொல்லி இத்தனை தலைமுறை நினைவில் வைத்திருந்தது எது? கதைதான்.

செம்பாட்டான் அண்ணைக்கும் ஒரு சொல். அந்தக் கதையில் மணி எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். சிலப்பதிகாரத்தில் கண்ணகியின் சிலம்புக்குள் மாணிக்கம், பாண்டிமாதேவியின் சிலம்புக்குள் முத்து. வழக்கே அதில்தான் தீர்கிறது. அந்த மாணிக்கம் எங்கே எடுத்தது என்று அங்கே பேச்சில்லை. ஈழத்தில் பிறகு எழுந்த கண்ணகி கதைப் பாடலான கண்ணகி வழக்குரையில் கடலோட்டு காதை என்று ஒரு பகுதியே அதற்காக இருக்கிறது. மதுரையை எரித்த அந்த மணி எங்கள் கடலைத் தாண்டித்தான் போனது, எங்கள் அரசன் மறித்தான், சும்மா விடவில்லை என்று தீவுச் சனம் சொல்லி வைத்தது. பெரிய காப்பியத்துக்குள் தங்களுக்கு ஒரு இடம் பிடித்த ஆட்கள் அவர்கள். அதைப் பிள்ளைகளிடம் மறைத்தால் நெடுந்தீவுக்கு மிஞ்சுவது குதிரை மட்டும்தான்.

ஆதாரன்:
தங்கச்சி சொன்னதில் ஒரு பகுதி என்னை நிறுத்தி யோசிக்க வைக்கிறது, ஆனால் கேள்வி தீரவில்லை. கண்ணகி வழக்குரை சிலப்பதிகாரத்துக்குப் பல நூற்றாண்டுகள் பிந்தியது. அதனால் கடலோட்டு காதை கோவலன் காலத்தைப் பற்றி நமக்கு எதையும் சொல்லாது. அதைப் பாடிய காலத்தில் பாக்குநீரிணையில் யார் கப்பல் ஓட்டினார்கள், யார் துறையைப் பிடித்து வைத்திருந்தார்கள், யாருக்கும் யாருக்கும் பகை என்பதைச் சொல்லும். அந்த அளவில் அது சான்று, நல்ல சான்றும்கூட. "முன்னொரு காலத்தில் வெடியரசன் என்று ஒரு அரசன் இருந்தான்" என்று வகுப்பில் தொடங்கினால் அந்தச் சான்றைக் கெடுத்துவிடுவோம். "இப்படி ஒரு கதையை இந்தக் கடலோரத்தில் பாடினார்கள், ஏன் பாடினார்கள்?" என்று தொடங்கினால் நானும் வந்து கடைசி வாங்கில் இருப்பேன்.

பூவரசு:
ஆதாரன் ஐயா, எழுதி வைத்ததுதான் நிற்கும் என்கிற மாதிரிப் பேசுகிறீர்கள். ஒல்லாந்தர் எங்கள் தீவுகளுக்கெல்லாம் தங்கள் ஊர்ப் பெயரை வைத்து எழுதினார்கள். வேலணைத் தீவுக்கு லெய்டன், புங்குடுதீவுக்கு மிடில்பர்க், நயினாதீவுக்கு ஹார்லெம். அத்தனையும் ஆவணம், வரைபடம், முத்திரை எல்லாம் உண்டு. நெடுந்தீவின் டெல்ஃப்ட் ஒன்றைத் தவிர மற்றவற்றை இன்றைக்கு யாருக்குத் தெரியும்? சனத்தின் வாயில் இருந்தது நின்றது. கருடனின் கதையும் அப்படி நின்றதுதான்.

ஆதாரன்:
அந்தக் கல்வெட்டும் எண்ணூறு ஆண்டுக்கு மேல் நின்றிருக்கிறது, ரீச்சர். போர்த்துக்கேயர் 1619இல் யாழ்ப்பாணத்தைப் பிடித்த பிறகு கோயில்களை இடித்தார்களே, அதையும் தாண்டி நின்றது. வாயில் இருப்பது நிற்கும், ஆனால் மாறிக்கொண்டே நிற்கும். செம்பாட்டான் சொன்னது மாதிரி, சொல்கிற ஆளுக்கு ஏற்ப வென்றவன் மாறுவான். கல்லில் நாலில் ஒன்று என்றால் இன்றைக்கும் நாலில் ஒன்றுதான்.

உப்புக்காற்று:
மாறியதையும் சொல்லிக்கொடுங்கள் ஐயா, அதுவும் வரலாறுதான். கண்ணகை அம்மனை எடுத்துக்கொள்ளுங்கள். யாழ்ப்பாணத்தில் எத்தனையோ கண்ணகை கோயில்கள் இருந்தன. 19ஆம் நூற்றாண்டில் ஆறுமுக நாவலர் கண்ணகியைக் கும்பிடுவதை எதிர்த்தார், அது சைவாகமத்துக்கு ஒத்துவராது என்று. அந்த அலையில் பல கோயில்கள் நாகபூசணி, இராசராசேசுவரி என்று பெயர் மாறின. படித்தவர்கள் சரி பிழை பார்த்துத் திருத்தியதால் போன கதைகள் ஏராளம். அதனால்தான் சான்று இல்லாத கதை என்று யாராவது சொன்னாலே எனக்கு நெஞ்சு பதறுகிறது.

மணற்கேணி:
இந்தத் தகவல் எனக்குப் புதிது, அக்கா. கண்ணகியைத் தமிழின் அடையாளம் என்று தூக்கி வைத்துப் பேசும் தமிழ்நாட்டில் இதைப் பற்றி யாரும் சொல்லிக் கேட்டதில்லை. கடலோட்டு காதையை எடுத்து இனித்தான் வாசிக்க வேண்டும்.

செம்பாட்டான்:
தங்கச்சி எழுதியதை இரண்டு தரம் வாசித்தேன். மணி பற்றிச் சொன்னது நல்ல கருத்து. ஆனால் என் பயம் அப்படியேதான் இருக்கிறது. நீங்கள் மணியைப் பற்றிச் சொல்வீர்கள், வீட்டில் பெரியவர்கள் சாதியைப் பற்றிச் சொல்வார்கள். பிள்ளை எதை எடுக்கும்?

உப்புக்காற்று:
அண்ணை, நாங்கள் சொல்லாவிட்டாலும் வீட்டில் சொல்வார்கள். வகுப்பில் இரண்டு பக்கக் கதையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், ஒரே சண்டையை இரண்டு பேர் எப்படி வேறு வேறாகச் சொல்கிறார்கள் என்று பிள்ளையே கண்டுபிடிக்கும். அதன் பிறகு "எந்தப் பக்கம்" என்ற கேள்விக்குப் பழைய பலம் இருக்காது என்று நான் நம்புகிறேன்.

பூவரசு:
சரி, இப்போதைக்கு இப்படித் தீர்மானித்திருக்கிறேன். முதல் வகுப்பில் கருடனின் கதை. சொல்லி முடித்த கையோடு அதே கோயிலின் கல்வெட்டு. கதையிலும் கப்பலில் வணிகன் வருகிறான், கல்வெட்டிலும் வணிகன் வருகிறான். கதையில் அவன் எல்லாவற்றையும் அம்மனுக்குக் கொடுக்கிறான், கல்வெட்டில் கப்பல் உடைந்தாலும் மூன்று பங்கோ பாதியோ அவன் கைக்குத் திரும்பி வருகிறது. இந்த இரண்டையும் பிள்ளைகளே ஒப்பிடட்டும். மணி ஆசனக் கதையை மணிமேகலை சொல்வதும் மகாவம்சம் சொல்வதுமாக இரண்டாம் வகுப்பில் எடுப்பேன். அதோடு வல்லிபுரப் பொன்னேடு. வெடியரசனைக் கடைசிக்கு வைத்திருக்கிறேன். செம்பாட்டான் ஐயா சொன்னதால் அதற்கு முன் பெற்றோரைக் கூப்பிட்டுப் பேசப் போகிறேன்.

உப்புக்காற்று அக்காவிடம் ஒரு உதவி. ஊரில் கடலோட்டு காதையை வாயால் சொல்லத் தெரிந்த வயதானவர்கள் இன்னும் இருந்தால், ஃபோனில் பதிவு செய்து அனுப்ப முடியுமா? 90களின் தொடக்கத்து இடப்பெயர்வோடு வேலணை, புங்குடுதீவு ஆட்கள் எங்கெங்கோ போய்விட்டார்கள். இங்கே தேடிப் பார்த்தேன், துண்டு துண்டாகத்தான் கிடைக்கிறது.

உப்புக்காற்று:
கட்டாயம். சொல்லத் தெரிந்த ஒரு அம்மாவை எனக்குத் தெரியும். வெடியரசன் பக்கத்துக் கதைதான் அவவுக்குத் தெரியும். மீகாமன் பக்கத்தைச் சொல்ல வேறு ஆள் பார்க்க வேண்டும்.

செம்பாட்டான்:
மீகாமன் பக்கத்துக் கதை என் பெரியம்மாவுக்குத் தெரியும். பிள்ளைகளுக்குக் கொடுப்பதில் எனக்கு இன்னும் உடன்பாடு இல்லை. ஆனால் பதிவு இல்லாமல் போகக்கூடாது. இந்த வார முடிவில் போய்க் கேட்டு அனுப்புகிறேன்.