ஒன்டிரைவ் குரூப் பாலிசி: சில கம்ப்யூட்டரில் ஃபோல்டர் மாறவில்லை, மாறியதில் சி டிரைவ் நிரம்புகிறது

கேள்வி
ஆபீஸில் 40 கம்ப்யூட்டர்கள். எல்லாமே விண்டோஸ் 11, டொமைனில் (ஆபீஸ் சர்வரின் கட்டுப்பாட்டில்) உள்ளவை, 128 ஜிபி எஸ்எஸ்டி. டெஸ்க்டாப், டாக்குமென்ட்ஸ் இரண்டையும் யூசரைக் கேட்காமலே ஒன்டிரைவுக்கு (மைக்ரோசாஃப்டின் கிளவுட் சேமிப்பு) மாற்றும் குரூப் பாலிசி, அதாவது எல்லாக் கம்ப்யூட்டருக்கும் ஒரே இடத்திலிருந்து போகும் செட்டிங், போட்டாயிற்று. பாதியில் அசைவே இல்லை. மாறியவற்றில் சி டிரைவ் காலியாகவே மாட்டேன் என்கிறது. எங்கிருந்து பார்க்கலாம்?

பதில் 1
மாறாத கம்ப்யூட்டரில் டாக்குமென்ட்ஸை ரைட் கிளிக் செய்து, ப்ராப்பர்ட்டீஸில் லொகேஷன் டேபைப் பாருங்கள். ஃபைல் சர்வரின் பாதை தெரிந்தால், ஃபோல்டரைச் சர்வருக்குத் திருப்பும் பழைய ஃபோல்டர் ரீடைரக்‌ஷன் பாலிசிதான் தடுக்கிறது. அவசரப்பட்டு அதை நீக்கிவிடாதீர்கள். நீக்கினாலும் ஃபோல்டர் சர்வரிலேயே நிற்கும், டீஃபால்ட் அப்படித்தான். முதலில் அந்தப் பாலிசியின் செட்டிங்ஸ் டேபில் ‘பாலிசி நீங்கும்போது லோக்கல் யூசர் ப்ரொஃபைலுக்குத் திருப்பு’ என்பதைத் தேர்ந்தெடுங்கள். அது எல்லாருக்கும் போய்ச் சேர்ந்தபிறகு நீக்குங்கள்.

லொகேஷன் சி டிரைவிலேயே இருந்தால் சந்தேகம் சைன்-இன் மேல். யூசர் ஒன்டிரைவில் சைன்-இன் ஆகாதவரை எதுவும் நகராது. தானாகச் சைன்-இன் ஆக, தனிப் பாலிசி வேண்டும். கம்ப்யூட்டர் என்ட்ரா ஐடியிலும் (மைக்ரோசாஃப்டின் கிளவுட் கணக்கு அமைப்பு) சேர்ந்திருக்க வேண்டும். வெறும் டொமைன் போதாது. பாலிசியில் கொடுத்த டெனன்ட் ஐடியையும் (மைக்ரோசாஃப்ட் கிளவுடில் உங்கள் நிறுவனத்தின் அடையாள எண்) எழுத்தெழுத்தாகச் சரிபாருங்கள்.

பதில் 2
டிஸ்க் விஷயத்தில் பலரும் ஏமாறும் இடம் இது: ஃபைல்ஸ் ஆன்-டிமாண்ட் (தேவைப்படும்போது மட்டும் ஃபைலை இறக்கும் வசதி) பாலிசி போட்டால் மட்டும் இடம் கிடைக்காது. ஏற்கனவே கம்ப்யூட்டரில் இருந்த ஃபைல்கள் அப்லோட் ஆனபிறகும் டிஸ்க்கிலேயே தங்கும். ஐகானைப் பாருங்கள். மேகம் என்றால் ஆன்லைனில் மட்டும். பச்சைக் கோட்டு வட்டம் என்றால் டிஸ்க்கிலும் இருக்கிறது. ஸ்டோரேஜ் சென்ஸ் (விண்டோஸ் தானே டிஸ்க்கில் இடம் காலி செய்யும் வசதி) பாலிசியில் 30 நாள் தொடாத கிளவுட் ஃபைல்களை ஆன்லைனுக்கு மட்டும் ஆக்கச் சொல்லுங்கள். டீஃபால்ட் ‘ஒருபோதும் வேண்டாம்’ என்பதால்தான் நிரம்புகிறது. முழுப் பச்சை வட்டம் உள்ளவற்றை அது தொடாது. யூசரே ‘எப்போதும் வைத்திரு’ என்று குறித்தவை அவை.

பதில் 3
மிச்சப் பாதியை மாற்றும் முன் பிஎஸ்டி ஃபைல்களை (அவுட்லுக் மெயில்களைச் சேமித்து வைக்கும் ஃபைல்) கவனியுங்கள். பல யூசர்களுக்கு அவுட்லுக் ஆர்க்கைவ் டாக்குமென்ட்ஸுக்குள்தான் கிடக்கும். அவுட்லுக் அதைத் திறந்தே வைத்திருப்பதால் சிங்க் அடிக்கடி மாட்டிக்கொள்ளும்; சின்ன மாற்றத்துக்கும் நெட்வொர்க்கை இழுக்கும். குறிப்பிட்ட வகை ஃபைல்களை அப்லோட் செய்யாதே என்ற பாலிசியில் பிஎஸ்டியைச் சேர்த்து, ஒன்டிரைவை ரீஸ்டார்ட் செய்யுங்கள். இது புதிய ஃபைல்களுக்கு மட்டும்தான். ஏற்கனவே மேலே போனவற்றை, அவுட்லுக்கை மூடிவிட்டு, சிங்க் ஆகாத வேறு ஃபோல்டருக்கு நகர்த்த வேண்டியதுதான்.