தகுவா பா விஷ்ணு: தலாங் மியூசியம் போனவங்க இருக்கீங்களா?

ஊர்சுத்தி
தாய்லாந்து புக்கெட்ல, 1785-ல பர்மாப் படையை எதிர்த்து நின்ன அந்த ரெண்டு வீராங்கனைகள் சிலை இருக்கிற ரவுண்டானா தெரியுமில்ல? பக்கத்துலயேதான் மியூசியம். மர வேர் சுத்திப் பிடிச்ச பழைய படத்தை எல்லாரும் பார்த்திருப்பீங்க, அதே விஷ்ணுதான். நான் நின்னுட்டிருந்தப்ப ஒரு தாய்லாந்துப் பாட்டி வந்தாங்க. செருப்பை ஓரமா கழட்டிட்டு, "பிரா நாராய்"னு (விஷ்ணுவுக்குத் தாய் மொழியில அதான் பேரு) முணுமுணுத்துக் கும்பிட்டாங்க. அப்புறம் என்னைப் பார்த்து "இந்தியா?"ன்னாங்க. தலையாட்டினேன். சிலையைத் தொட்டுடாம விரலால காட்டி, அதே விரலை என் பக்கம் திருப்பினாங்க. என்ன கேட்டாங்கன்னு இன்னும் யோசிக்கிறேன்.

கல்லெழுத்து
சிலையோட நிறுத்திட்டீங்களே! அந்தச் சிலை கிடைச்ச தகுவா பா பக்கத்துக் காவ் பிரா நாராய் குன்றுலயே கிடைச்ச தமிழ்க் கல்வெட்டு, தீபகற்பத்துக்கு அந்தப் பக்கம் நக்கோன் சி தம்மராத் மியூசியத்துல இருக்கு. அதுல இருக்கிற சேதி: நாங்கூருடையான் வெட்டின குளம், பேரு அவனிநாரணம், மணிக்கிராமத்தாருக்கு (வணிகர் குழு) அடைக்கலம். அவனிநாரணன் பல்லவ ராஜா மூன்றாம் நந்திவர்மனோட பட்டப்பெயர், ஆக 9-ம் நூற்றாண்டு. தமிழ் வகுப்புன்னாலே ஓடுற என் பொண்ணு கல்லுகிட்ட குனிஞ்சு, "அப்பா, இது நம்ம 'ட' தானே?"ன்னு கேட்டா. சிலை ஒரு ஊர்ல, கல்வெட்டு இன்னொரு ஊர்ல! பக்கத்துல பக்கத்துல வச்சா யாருக்கு என்ன நஷ்டம்?

கொராட்வாசி
தாய்லாந்து போயும் தமிழைத்தான் தேடணுமா? கொராட் பக்கம் பிமாய் கெமர் கோயிலுக்கு வாங்க. கெமர் ராஜா ஏழாம் ஜெயவர்மன்னு சொல்ற மணற்கல் சிலை, கை ரெண்டும் உடைஞ்சு, கண்ணை மூடி உட்கார்ந்திருக்கும். கோயில் பிராங்குக்குள்ள (கோபுரம்) இருக்கிறது நகல், அசல் மியூசியத்துல. கோயிலோட திரும்பிடுற கூட்டத்தைப் பார்த்தா எனக்கு வயிறு எரியும்.

பழங்காசு
@கொராட்வாசி, தேடினா என்ன தப்பு? கிராபி பக்கம் குலோங் தோம் கோயில் மியூசியத்துல தங்கம் உரசிப் பார்க்கிற சின்னக் கல் ஒண்ணு, "பெரும்பதன் கல்"னு (பெரும்பதன்ங்கிறவரோட கல்) தமிழ்ப் பிராமியில, அதாவது பழைய தமிழ் எழுத்துல. 3-4-ம் நூற்றாண்டு, அதாவது @கல்லெழுத்து சொல்ற கல்வெட்டுக்கும் ரொம்ப முன்னாடி. அங்க இருந்த பழைய பாசிமணிகளைப் பார்த்து மயங்கி நின்னேன், கூட வந்தவர் இழுக்கலேன்னா அதைத் தாண்டியே போயிருப்பேன்.

போறவங்களுக்கு: பாங்காக்குக்கு வெளிய இருக்கிற தேசிய அருங்காட்சியகங்கள் பலதும் திங்கள், செவ்வாய் பூட்டு. சாயங்காலம் நாலு மணிக்கே கதவைச் சாத்திடுவாங்க, அதனால காலையிலயே போயிடுங்க. அறிவிப்புப் பலகையில ஆங்கிலம் கொஞ்சந்தான், கல்வெட்டுப் பாடத்தை முன்கூட்டியே போன்ல இறக்கி வச்சுக்கணும். ஃபிளாஷ் போடாதீங்க. எழுத்து தெரியணும்னா பக்கவாட்டு வெளிச்சத்துல பாருங்க. புத்தர் சிலைக்கு முதுகைக் காட்டி செல்ஃபி எடுத்தா திட்டு நிச்சயம். அப்புறம், தகுவா பா வரைக்கும் போறவங்க குன்றுக்குப் படகு கிடைக்குமான்னு முதல்ல அங்க விசாரிச்சிட்டுக் கிளம்புங்க.

ஊர்சுத்தி
நான் பாட்டியைப் பத்திக் கேட்டேன்யா.