வெளிநாட்டு மாணவர்களுக்கு கேரியர் வகுப்பு: வாயைத் திறக்க வைப்பது எப்படி?

அடையாறு_காற்று:
சென்னையில் ஒரு தனியார் கல்லூரி பிளேஸ்மென்ட் செல்லில் இருக்கிறேன். சூடான், நேபாளம், காங்கோ, இலங்கை என்று கலவையான கூட்டம். ரெஸ்யூமே, ஆப்டிட்யூட், குரூப் டிஸ்கஷன் என்று நம் பிள்ளைகளுக்கு நடத்துவதையே நடத்தினால் தலையாட்டிவிட்டுப் போய்விடுகிறார்கள். உரையாடலாக நடத்துங்கள் என்கிறார் எச்ஓடி. சரி, எதில் தொடங்குவது? "சந்தேகம் இருக்கா?" என்றால் ஒருவரும் வாய் திறப்பதில்லை.

சேத்துப்பட்டு_ரவா:
"சந்தேகம் இருக்கா" என்பது வகுப்பு முடிந்ததற்கான மணி சார், அதற்கு யார் பதில் சொல்வார்கள்? இங்கே எம்ப்ளாய்மென்ட் விசா வாங்க ஆண்டுச் சம்பளம் பொதுவாக 16.25 லட்சத்துக்கு மேல் இருக்க வேண்டும். கேம்பஸுக்கு வரும் ஐடி கம்பெனிகள் பெரும்பாலும் தருவது 3, 4 லட்சம். இந்தக் கணக்கு அவர்களில் பலருக்கு ஏற்கெனவே தெரியும், நீங்கள் அதைப் பற்றி மூச்சு விடாததால் அவர்களும் விடுவதில்லை. முதல் நாளே சொல்லிவிடுங்கள், அப்புறம் பாருங்கள்.

மைலாப்பூர்_டீச்சர்:
நான் செய்வது இது. வேறு வேறு நாட்டு மாணவர்களை இரண்டிரண்டு பேராக உட்கார வைத்து, "உங்க ஊரில் டிகிரி முடித்தவருக்கு வேலை எப்படிக் கிடைக்கும், தேர்வு எழுதியா, தெரிந்தவர் சொல்லியா?" என்று ஒருவரை ஒருவர் கேட்கச் சொல்வேன். நேபாளப் பையன் லோக் சேவா ஆயோக் தேர்வைப் பற்றி ஆரம்பித்தான், அசல் நம் டிஎன்பிஎஸ்சி புலம்பல்தான், வகுப்பே சிரித்தது. அந்தப் பேச்சில்தான் காங்கோ மாணவி ஊரில் பிரெஞ்சு–சுவாஹிலி மொழிபெயர்ப்பு வேலை பார்த்தவள் என்பதே தெரியவந்தது; ரெஸ்யூமேயில் அதை ஒரு வரிகூட எழுதவில்லை. ஆங்கிலம் அல்லாத மொழி ஆசிரியர், மொழிபெயர்ப்பாளர்களுக்கு அந்தச் சம்பள வரம்பில் விலக்கு உண்டு என்று சொன்னதும் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

பெயரிலி_கிண்டி:
டீச்சர் சொன்னது சரி, ஒன்று மட்டும். "படிப்பு முடிந்ததும் ஊருக்குப் போவீர்களா?" என்று எல்லோர் முன்னாலும் கேட்காதீர்கள். சூடானில் 2023 ஏப்ரலிலிருந்து சண்டை, அந்தப் பையன் என்ன பதில் சொல்வான்? அதையெல்லாம் தனியாக, டீக்கடைப் பக்கம் நடக்கும்போது பேசுங்கள்.

அடையாறு_காற்று:
நன்றி. லோக் சேவாவிலிருந்தே தொடங்குகிறேன். ஆனால் பிபிடி எங்கே என்று மேலிடம் கேட்குமே?

சேத்துப்பட்டு_ரவா:
விசா கணக்கை இரண்டு ஸ்லைடில் போட்டுக் கொடுத்துவிடுங்கள். அவர்களுக்கும் அது தெரியட்டும்.