பெருந்தொற்றில் மன அழுத்தம்: கிருமி பயமா, வீட்டுப் பாரமா?

கணக்கன்:
கோவிட் காலத்து மன அழுத்தம் என்று பேச்சு எடுத்தாலே, அதிகம் பாதிக்கப்பட்டவர்கள் என்று ஒரு பட்டியலை ஒப்பிக்கிறார்கள்: பெண்கள், இளைஞர்கள், வருமானம் குறைந்தவர்கள், கைக்குழந்தை உள்ளவர்கள். எனக்கு இதில் நம்பிக்கையில்லை. அழுத்தத்தை யாரும் தராசில் போட்டு நிறுக்கவில்லை. உளவியலாளர் கோஹன் குழுவினர் 1983இல் கொண்டுவந்த மன அழுத்த அளவுகோல் உட்பட எல்லாமே, "போன மாதம் எத்தனை தடவை சமாளிக்க முடியாமல் திணறினீர்கள்?" என்கிற மாதிரிக் கேள்விகள்தான். வாய்விட்டுச் சொல்கிறவர் கணக்கில் ஏறுவார். பல்லைக் கடித்துக்கொண்டு இருப்பவர் ஏற மாட்டார். ஆண்களும் முதியவர்களும் பெரும்பாலும் இரண்டாவது ரகம். போதாததற்குப் பாதி ஆய்வுகள் இணையத்தில் கேள்வித்தாளை உலவவிட்டு, வந்து நிரப்பியவர்களை எண்ணியவை.

முல்லை:
கணக்கன் சார், இணையக் கேள்வித்தாள் பற்றிச் சொன்னது சரி. ஆனால் எல்லா ஆய்வும் அப்படியில்லை. பிரிட்டனில் ஒரே குடும்பங்களை ஆண்டுக்கணக்காகப் பின்தொடரும் ஆய்வு ஒன்று உண்டு. கவனிக்கவேண்டிய அளவுக்கு மன உளைச்சல் காட்டியவர்கள் அதில் 2018–19இல் 18.9%. 2020 ஏப்ரலில் 27.3%. ஏற்றம் அதிகம் இருந்தது 18 முதல் 34 வயதுக்காரர்கள், பெண்கள், சிறு குழந்தைகளோடு வாழ்பவர்களிடம். பெண்கள் மனம்விட்டுச் சொல்வார்கள் என்றே வைத்துக்கொள்வோம். 2019இலும் அப்படித்தானே சொல்லியிருப்பார்கள்? அந்தப் பழக்கம் ஒரே வருடத்தில் கூடிவிடாது. கூடியது வேறு ஏதோ.

கணக்கன்:
நியாயம். பெண்கள் விஷயத்தில் நான் சொன்னதைத் திரும்பப் பெறுகிறேன். ஆனால் முதியவர்களுக்கு என்ன பதில்? அந்த நோயில் சாகும் அபாயம் அவர்களுக்குத்தான் அதிகம். அப்படியும் 2020 ஏப்ரலில் உளவியலாளர் லாரா கார்ஸ்டென்சன் குழு அமெரிக்காவில் கேட்டபோது, இளையவர்களைவிட வயதானவர்களே மனநிலையில் தெளிவாக இருந்தார்கள். வீடு, வருமானம் என்கிறார்கள். எனக்கு இது வயது தரும் பக்குவமாகத்தான் தெரிகிறது.

இரவுப்பணி:
நான் நர்ஸ். ஆய்வெல்லாம் படிச்சதில்ல, எங்க வீட்டைச் சொல்றேன். எழுபது தாண்டிய மாமனார், நானும் வீட்டுக்காரரும், ரெண்டு பிள்ளைங்க, ஒரே ஒரு பாத்ரூம். மாமனார் நிம்மதியாத்தான் இருந்தார், பேப்பர் படிச்சார், தூங்கினார். ராத்திரி வேலை முடிஞ்சு கதவைத் தொடும்போது கை நடுங்கினது எனக்கு. அவர் வயசுக்கு உள்ள அபாயத்தை நான் சுமந்தேன், சார். பக்குவம்னு சொல்றீங்களே, அந்தப் பக்குவத்துக்குக் காவல் இருந்தவங்க கதையையும் கொஞ்சம் கேளுங்க.

முல்லை:
இரவுப்பணி அக்கா சொன்னதை நான் எந்த அட்டவணையிலும் பார்த்ததில்லை. கேள்வித்தாளில் "உங்கள் வயது?" என்று இருக்கும். "உங்களால் யாருக்கு நோய் வந்துவிடும் என்று பயப்படுகிறீர்கள், அவர் வயது என்ன?" என்று இருக்காது. வயதைத் தனி ஆளின் குணமாகவே எடுத்துக்கொண்டு, அது வீட்டுக்குள் ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குக் கைமாறும் பாரம் என்பதை விட்டுவிடுகிறோம். கார்ஸ்டென்சன் சொல்லும் பக்குவத்தை நான் மறுக்கவில்லை. அதோடு, ஓய்வூதியம் வாங்குபவருக்கு ஊர் அடைத்தாலும் மாதப் பணம் நிற்காது, மடியில் உட்கார்ந்து பாடம் கேட்கும் குழந்தையும் இருக்காது. அதையும் சேர்த்துப் பாருங்கள்.

தனிமரம்:
ஆள் நெரிசல்னு எல்லாரும் அலுத்துக்கறீங்க. நான் ஒரே அறையில் தனியா இருந்தேன். நாள் முழுக்க யார்கிட்டயும் பேசாம, சாயங்காலம் என் குரலே எனக்குப் புதுசா கேட்கும். எழுபதாயிரத்துக்கும் மேற்பட்டவங்க கலந்துகிட்ட லண்டன் யூசிஎல் பல்கலைக்கழக ஆய்வுல, பதற்றத்துக்கும் சோர்வுக்கும் தனியா வாழறதும் ஆபத்துக் காரணி, குழந்தைகளோட வாழறதும் ஆபத்துக் காரணி. அப்ப ஆள் எண்ணிக்கையை வச்சு ஒண்ணும் சொல்ல முடியாது. கூட இருக்கற ஆள் எப்படிப்பட்டவர்ங்கறதும் இருக்கு. வீட்டுக்குள்ள நடந்த வன்முறையை ஐ.நா. பெண்கள் அமைப்பு அப்பவே 'நிழல் பெருந்தொற்று'ன்னு சொன்னது. அந்த வீடுகளுக்கு என் தனி அறை எவ்வளவோ மேல்.

கணக்கன்:
அதே யூசிஎல் ஆய்வில், ஊரடங்கு தொடங்கிய முதல் இருபது வாரங்களில் பதற்றமும் சோர்வும் குறைந்துகொண்டே வந்ததையும் சொல்லுங்கள். மனிதர்கள் பழகிக்கொள்கிறார்கள். 21 நாடுகளின் தரவைப் பார்த்தபோது ஆரம்ப மாதங்களில் தற்கொலைகளும் கூடவில்லை. அழுத்தம் இருந்தது, சரி. அதை நோய் அளவுக்கு ஊதிவிட்டோம் என்கிறேன்.

முல்லை:
குறைந்தது உண்மை. பெண்கள், இளைஞர்கள் போன்ற குழுக்களுக்கும் மற்றவர்களுக்கும் இடையிலான இடைவெளியும் சுருங்கியது, ஆனால் இருபது வாரம் கழித்தும் மறையவில்லை. அதையும் அதே கட்டுரைதான் சொல்கிறது. ஜப்பானைப் பாருங்கள். 2020 பிப்ரவரி முதல் ஜூன் வரை தற்கொலை 14% குறைந்தது. அத்தோடு நிறுத்தியிருந்தால் உங்கள் வாதம் ஜெயித்திருக்கும். ஜூலை முதல் அக்டோபர் வரை 16% கூடியது. பெண்களிடம் மட்டும் 37%. "மனிதர்கள் பழகிக்கொள்கிறார்கள்" என்றால், எந்த மனிதர்கள்?

கணக்கன்:
ஜப்பான் கணக்குக்கு என்னிடம் பதில் இல்லை. வருமானத்தில் மட்டும் விட்டுக்கொடுக்க மாட்டேன். பணமில்லாததால் மனம் உடைந்ததா, மனம் உடைந்தவர் வேலையில் நிலைக்க முடியாமல் பணமிழந்தாரா? ஒரே ஒரு தடவை கேட்டு எழுதிய ஆய்வு இதைப் பிரித்துக் காட்டாது.

முல்லை:
அதில் நானும் உங்கள் பக்கம்தான். ஒருவரையே திரும்பத் திரும்பக் கேட்டால்தான் எது முன்னால் வந்தது என்று ஓரளவாவது தெரியும்.

இரவுப்பணி:
கேள்வித்தாளை யார் நிரப்பினாங்கன்னு முதல்லயே கேட்டீங்கல்ல சார்? எங்க வீட்டுக்கும் ஒண்ணு வந்தது. பெரியவர்தானேன்னு மாமனார்கிட்ட கொடுத்தாங்க. வீட்ல எல்லாரும் நல்லா இருக்கோம்னு எழுதிக் கொடுத்துட்டார். நான் அப்ப ராத்திரி வேலை முடிஞ்சு தூங்கிட்டிருந்தேன்.